மனச்சுமையும் சர்க்கரை அளவும்: இளவயது நீரிழிவில் எது எதை இழுக்கிறது?

துக்கம் சர்க்கரையை ஏற்றுகிறதா? சர்க்கரையின் ஏற்ற இறக்கம் மனத்தைக் கெடுக்கிறதா? இல்லை, இரண்டையும் மூன்றாவது ஒன்று பின்னாலிருந்து இழுக்கிறதா? நீரிழிவைப் பற்றி மருத்துவர்கள் எழுதத் தொடங்கிய நாள் முதலே இந்தக் கேள்வி கூடவே வருகிறது. சரக சம்ஹிதையின் நிதானப் பகுதி, வாதத்தால் வரும் பிரமேகத்துக்கான காரணங்களை அடுக்கும்போது பட்டினி, அடி, வெயில், இரவு விழிப்பு ஆகியவற்றோடு மனக்கலக்கத்தையும் துக்கத்தையும் சேர்க்கிறது. நீரிழிவுக்காரரின் சிறுநீர் தேனாய் இனிப்பதைப் பதிவுசெய்த 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸும் நீண்ட துயரத்தை இந்நோயின் காரணங்களுள் ஒன்றாக எண்ணினார்.

இன்று கேள்வி வேறு உருவில் வருகிறது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, ஒன்பது சதவீதத்தைத் தாண்டி நிற்கும் ஒரு இளைஞனிடமோ இளம்பெண்ணிடமோ மருத்துவர் எதைப் பற்றிப் பேச வேண்டும்? ஊசி அளவைப் பற்றியா, சாப்பாட்டைப் பற்றியா, மனத்தைப் பற்றியா? பதினெட்டுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் இந்தக் கேள்வி கூடுதல் கனம் பெறுகிறது. குழந்தைப் பருவத்தில் தொடங்கிய டைப் 1 நீரிழிவைப் பெற்றோர் கையிலிருந்து தன் கைக்கு வாங்கிக்கொள்ளும் வயது அது. இந்தியாவில் டைப் 2 நீரிழிவும் இப்போது அந்த வயதிலேயே எட்டிப் பார்க்கிறது. இதுவரை சொல்லப்பட்ட முக்கியமான பதில்களையும், அவை பிறந்த சூழலையும், அவற்றின் ஓட்டைகளையும் இக்கட்டுரை பார்க்கிறது.

துக்கமே காரணம் என்ற பழைய பதில்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி, மனநோய் உள்ள குடும்பங்களில் நீரிழிவு அடிக்கடி தலைகாட்டுகிறது என்று எழுதினார். 1935இல் அமெரிக்க மருத்துவர் வில்லியம் மெனிங்கர், நீரிழிவு உண்டாவதில் உளவியல் காரணிகளுக்குப் பங்குண்டா என்று ஆராய்ந்தார். அந்தத் தலைமுறையின் உளப்பகுப்பாய்வு மரபில், நீரிழிவுக்காரர்களுக்கென்றே தனி ஆளுமை உண்டு என்ற எண்ணமும் வேர்பிடித்தது. முடிவெடுக்கத் தயங்குபவர்கள், பிறரைச் சார்ந்தே இருப்பவர்கள் என்று அவர்களைப் பற்றிய சித்திரங்கள் எழுதப்பட்டன.

இந்தப் பதிலின் குறை அதன் அடித்தளத்திலேயே இருந்தது. நோய் வந்து பல ஆண்டுகள் கழித்து மருத்துவமனையில் பார்த்த குணங்களை, நோய்க்கு முன்பே இருந்தவையாக எடுத்துக்கொண்டார்கள். தினம் ஊசி, தினம் கட்டுப்பாடு, கண் போகுமோ சிறுநீரகம் போகுமோ என்ற அச்சம் ஆகியவற்றோடு பத்தாண்டு வாழ்ந்த ஒருவர் தயங்குபவராக மாறியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கில் போதிய அளவு வரவில்லை. 1974இல் கணையத் திட்டுகளைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் லண்டனில் கண்டறியப்பட்டன. இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே அழிக்கிறது என்பது துலங்கியதும் நீரிழிவு ஆளுமை என்ற கருத்து ஆட்டம் கண்டது.

அந்த எண்ணம் முழுவதும் ஒழியவுமில்லை. ஸ்வீடனில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு ஆய்வு, குழந்தைப் பருவத்துப் பெருந்துயர நிகழ்வுகளுக்கும் பிற்பாடு டைப் 1 வருவதற்கும் தொடர்பு இருப்பதாக 2015இல் காட்டியது. ஆனால் அந்தக் கூட்டத்தில் நோய் வந்தவர்கள் 58 பேர்தான். அவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இந்த எச்சரிக்கை நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டும். பரீட்சைப் பயத்தில்தான் பிள்ளைக்குச் சர்க்கரை வந்தது, நான் திட்டியதால்தான் வந்தது என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய் தகப்பன் நம்மிடம் ஏராளம். அந்தக் குற்ற உணர்வுக்கு இன்றைய அறிவியலில் உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை.

பயமும் கல்லீரலும்

இரண்டாவது பதில் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. 1849இல் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார், முயலின் மூளையில் நான்காம் அறையின் அடித்தளத்தில் ஊசியால் குத்தி, அதன் சிறுநீரில் சர்க்கரை வரவைத்தார். நரம்பு மண்டலம் சர்க்கரையை ஏற்ற முடியும் என்பதற்கு அது முதல் பெரிய சான்று. 1911இல் ஹார்வர்டின் வால்டர் கேனனும் கூட்டாளிகளும், பூனைகள் அச்சத்தில் கலங்கும்போது அவற்றின் சிறுநீரில் சர்க்கரை தோன்றுவதைப் பதிவுசெய்தார்கள். ஹார்வர்டின் கால்பந்து வீரர்களிடமும் இதைப் பார்த்தார்கள். பெரிய போட்டிக்குப் பின் 25 பேரைச் சோதித்ததில் 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்தப் பன்னிரண்டில் ஐந்து பேர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள்.

பின்னர் இதன் வழிமுறை தெளிவாயிற்று. பயம், கோபம், பதற்றம் வரும்போது அட்ரினலினும் கார்டிசோலும் ஏறுகின்றன. கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை இரத்தத்தில் இறக்குகிறது, இன்சுலினின் வேகமும் மட்டுப்படுகிறது. கணையம் சரியாக இருப்பவருக்கு உடனே இன்சுலின் சுரந்து அதை ஈடுகட்டிவிடும். டைப் 1 உள்ளவருக்கு அந்த ஈடு கிடையாது. நேர்காணலுக்குப் போகும் காலையில் வழக்கமான ஊசி, வழக்கமான இட்லி என்றிருந்தும் மீட்டர் 280 காட்டினால் அது அவர் செய்த தவறாக இருக்க வேண்டியதில்லை.

இந்தப் பதில் கவர்ச்சியானது. உண்மையும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் ஒரேபோல் பொருந்துவதில்லை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆய்வுக்கூடத்தில் மன அழுத்தம் கொடுத்துப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் ஒத்துப்போகவில்லை. சிலருக்கு ஏறியது, சிலருக்கு மாறவில்லை, சிலருக்கு இறங்கவும் செய்தது. சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆனது, உடலில் ஏற்கெனவே எவ்வளவு இன்சுலின் ஓடுகிறது என்பவை முடிவை மாற்றுகின்றன. தவிர, இது சில மணி நேரத்துக் கதை. மூன்று மாதச் சராசரி ஒன்பதிலேயே நிற்பதை ஒரு பரீட்சையின் அட்ரினலினால் விளக்க முடியாது.

ஒழுங்கும் குடும்பமும்

1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அதன்பின் நீரிழிவு சில மாதங்களில் கொல்லும் நோய் என்ற நிலை மாறி, ஆயுள் முழுக்கத் தானே கவனித்துக்கொள்ள வேண்டிய நோயாயிற்று. பாஸ்டனின் எலியட் ஜாஸ்லின் இந்தக் காலத்தின் பெரும் ஆசான். உணவு, ஊசி, உடற்பயிற்சி மூன்றையும் நோயாளி கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அவர் போதித்தார். சிக்கலில்லாமல் 25 ஆண்டுகளைக் கடந்தவர்களுக்குப் பதக்கமும் உருவாக்கினார். உயிர்களைக் காப்பாற்றிய போதனை அது. ஆனால் அதற்குள் ஒரு தீர்ப்பும் இருந்தது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் நல்லவர், ஏறினால் ஒழுங்கில்லாதவர்.

அந்தத் தீர்ப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு ஒரு நுணுக்கமான சான்று உண்டு. வீட்டிலேயே விரல் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவிகள் வந்ததும், அளவுகளை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது வழக்கமாயிற்று. 1980களின் முற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள், நோயாளிகளுக்குத் தெரியாமல் நினைவகம் பொருத்திய கருவிகளைக் கொடுத்து, கருவி வைத்திருந்த எண்களை நோட்டிலிருந்த எண்களோடு ஒப்பிட்டார்கள். பலரது நோட்டில் அளவுகள் குறைத்து எழுதப்பட்டிருந்தன. சில நாள்களின் எண்கள் பார்க்காமலேயே நிரப்பப்பட்டிருந்தன. நாணயமில்லாத நோயாளிகள் என்று இதைப் படித்தவர்கள் உண்டு. உண்மையான எண்ணை எழுதினால் திட்டு விழும் என்று தெரிந்தவர் வேறென்ன எழுதுவார் என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டாவது வாசிப்புதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 1970களின் இறுதியிலிருந்து பரவிய எச்பிஏ1சி சோதனை, நோட்டைத் தாண்டி மூன்று மாதக் கணக்கை இரத்தத்திலிருந்தே எடுத்தது. பொய்யான நோட்டின் தேவை குறைந்தது. திட்டும் பயம் குறையவில்லை.

ஒழுங்குப் பார்வைக்கு எதிர்வினையாக 1970களில் ஃபிலடெல்ஃபியாவின் சால்வடோர் மினூச்சினும் குழுவினரும் குடும்பத்தின் பக்கம் திரும்பினார்கள். இன்சுலின் போதாமல் இரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வந்து படுக்கும் பிள்ளைகளின் வீடுகளில் சில பொதுத்தன்மைகளை அவர்கள் கண்டார்கள். ஒருவருக்குள் ஒருவர் பின்னிக்கிடக்கும் உறவு, அளவுக்கு மீறிய பாதுகாப்பு, இறுக்கம், சண்டையைத் தீர்க்காமல் மூடி வைப்பது. குடும்பத்தினர் பேசும்போதே பிள்ளையின் இரத்தத்தில் கொழுப்பமிலம் ஏறுவதையும் அளந்தார்கள். நோயைத் தனி ஆளின் தலையில் கட்டாமல் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கக் கற்பித்தது இந்தப் பதிலின் கொடை. குறை, மாதிரி மிகச் சிறியது. பிறகு வந்த விமர்சகர்கள், நோயின் பாரம்தான் குடும்பத்தை அப்படிப் பின்னச் செய்கிறது, இந்தக் கோட்பாடு பழியைப் பிள்ளையிடமிருந்து தாயிடம் மாற்றுகிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

டைப் 1 உள்ளவர்களிடம் தீவிர சிகிச்சையை வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு 1993இல் வெளியான டிசிசிடி ஆய்வு விவாதத்தின் களத்தையே மாற்றியது. 13 முதல் 39 வயது வரையிலான 1,441 பேர், சராசரியாக ஆறரை ஆண்டு. தினம் மூன்று அல்லது மேற்பட்ட ஊசியோ பம்போ, அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்று தீவிரமாகக் கவனித்தவர்களுக்கு, அதுவரை விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களிடையே அது வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. அதற்குப் பின் மூன்று மாதச் சராசரியை ஏழின் அருகே கொண்டுவருவது உலகின் இலக்காயிற்று. அதற்கான விலையும் அந்த ஆய்விலேயே பதிவாகியிருக்கிறது. கடுமையான தாழ்சர்க்கரை மூன்று மடங்கானது. பங்கேற்ற வளரிளம் பருவத்தினர், அதே தீவிர சிகிச்சையிலும் 8.1 வரையே வந்தார்கள். பெரியவர்கள் எட்டிய ஏழு அவர்களுக்கு எட்டவில்லை. இத்தனை கவனிப்புக்குள்ளும் அந்த ஒரு புள்ளி இடைவெளி நின்றது. பருவ வயதின் ஹார்மோன்கள் இன்சுலினை எதிர்ப்பது அதில் ஒரு பங்கு. மிச்சப் பங்கு எது என்பதிலிருந்துதான் இன்றைய விவாதம் தொடங்குகிறது.

மனச்சோர்வு வேறு, நோய்ச்சுமை வேறு

1990களில் ஆய்வாளர்கள் மனச்சோர்வின் பக்கம் குவிந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பு என்று 2001இல் வெளியான தொகுப்பாய்வு சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டுத் தொகுப்பு, மனச்சோர்வுக்கும் உயர்சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு, ஆனால் அது சிறியது என்றது. அப்படியானால் சோர்வைக் குணமாக்கினால் சர்க்கரை இறங்க வேண்டும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு.

எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. 1997இல் நார்ட்ரிப்டிலின் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் மனச்சோர்வு குறைந்தது, சர்க்கரைக்கு உதவவில்லை. மருந்தே சர்க்கரையை ஏற்றும் தன்மை கொண்டிருந்தது. 2004இல் சியாட்டில் பகுதியில் நடந்த பாத்வேஸ் ஆய்வும் மனத்தைத் தேற்றியது, எச்பிஏ1சியை அசைக்கவில்லை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை வைத்து 1998இல் வந்த ஒரு சிறு ஆய்வில் மட்டும் இரண்டும் சேர்ந்து மாறின.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விளக்கம், அளந்த பொருளே வேறாக இருக்கலாம் என்பது. 1995இல் ஜாஸ்லின் மையத்தைச் சேர்ந்த வில்லியம் பொலான்ஸ்கியும் சகாக்களும் ஒரு வினாத்தாளை உருவாக்கினார்கள். சோர்வாக இருக்கிறீர்களா என்று பொதுப்படையாகக் கேட்காமல், நீரிழிவோடு வாழ்வதில் எது வாட்டுகிறது என்று அது கேட்டது. சாப்பாட்டைப் பற்றியே ஓயாமல் யோசிக்க வேண்டியிருப்பது, சிக்கல்கள் வருமோ என்ற கவலை, எரிந்து கரைந்துபோன உணர்வு, யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற தனிமை. இதற்கு நீரிழிவுசார் மனச்சுமை என்ற பொருளில் தனிப் பெயர் உண்டாயிற்று. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் ஃபிஷர் குழு 2010இல், டைப் 2 உள்ள பெரியவர்களிடம், சர்க்கரை அளவோடு இணைந்து நகர்வது இந்த நோய்ச்சுமைதான், மருத்துவ அர்த்தத்திலான மனச்சோர்வு அல்ல என்று காட்டியது.

நடைமுறையில் இந்த வேறுபாட்டின் கனம் பெரிது. களைப்பு, தூக்கமின்மை, எடை மாற்றம், கவனச் சிதறல் ஆகியவை மனச்சோர்வு வினாத்தாள்களில் புள்ளி சேர்க்கும் அறிகுறிகள். சர்க்கரை 300இல் நிற்கும்போதும் இவையே வரும். ஆகவே பொது வினாத்தாள் சிலரை வீணாக மனநோயாளி ஆக்குகிறது. வேறு சிலர் வேலைக்குப் போகிறார்கள், சிரிக்கிறார்கள், நண்பர்களோடு படம் பார்க்கிறார்கள். ஆனால் மீட்டரைத் தொடவே மனம் வரவில்லை. அந்த வினாத்தாளில் இவர்கள் தேறிவிடுவார்கள். வளரிளம் பருவத்து டைப் 1 நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தச் சுமை மிகுதி என்று 2016இல் வந்த ஒரு மறுபார்வை கணித்தது. இந்தியாவையும் சேர்த்து 17 நாடுகளில் நடந்து 2013இல் வெளியான டான் 2 ஆய்வில், நீரிழிவு உள்ளவர்களில் நாற்பத்தைந்து சதவீதம் அளவுக்குப் பேர் நோய்ச்சுமையை வெளிப்படுத்தினார்கள்.

இந்தக் கருத்துக்கும் ஓட்டை உண்டு. பெரும்பாலான ஆய்வுகள் ஒரே நேரத்தில் எடுத்த படங்கள். சுமையால் சர்க்கரை ஏறியதா, ஏறிய சர்க்கரையைப் பார்த்துச் சுமை கூடியதா என்று அவற்றால் பிரித்துச் சொல்ல முடியாது. அறிக்கையில் 10.2 என்று பார்த்துவிட்டு வினாத்தாளை நிரப்புபவர் வேறெப்படி நிரப்புவார்?

சர்க்கரை மனத்தை இழுக்கும் பக்கம்

எதிர்த் திசையை ஆய்வுலகம் நீண்ட காலம் இரண்டாம் இடத்தில் வைத்திருந்தது. ஆனால் இன்சுலின் போடுபவர்கள் முதலில் சொல்வது அதைத்தான். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும்போது கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். உடல் அனுப்பும் அதே அட்ரினலின்தான் இது. பதற்றக் கோளாறு உள்ளவருக்கு எது எதுவென்று பிரித்தறிவதே சிரமம். சர்க்கரை மிகுந்திருக்கும்போது மந்தமும் மனக்கசப்பும் கூடுவதாகப் பலர் சொல்கிறார்கள், நாள்குறிப்பு ஆய்வுகளும் ஓரளவு ஆமோதிக்கின்றன.

தாழ்சர்க்கரை குறித்த அச்சத்தை அளக்க, வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு 1987இல் தனி அளவுகோலை உருவாக்கியது. நடுராத்திரியில் ஒரு முறை நினைவிழந்து விழுந்தவர், அடுத்து பல மாதங்கள் படுக்கும்முன் வேண்டுமென்றே சர்க்கரையை 200க்கு மேல் வைத்துக்கொள்வார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அலட்சியம். அவருக்கு அது உயிர்ப் பாதுகாப்பு. இதில் ஒரு சுழலும் உண்டு. நீண்ட நாள் உயர்ந்தே இருந்த உடல், 120க்கு இறங்கினாலே லோ (தாழ்சர்க்கரை) ஆகிவிட்டதுபோல நடுங்கும். ஆகவே கட்டுக்குள் கொண்டுவர முயலும் முதல் வாரங்களே மிகக் கசப்பானவை. முயற்சியைக் கைவிட அதுவே போதுமானதாகிவிடுகிறது.

பதினெட்டுக்குப் பிறகு

2000இல் அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி ஆர்னெட், பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரையிலான வயதை முழு வளர்ச்சிக்கு முந்தைய தனிப் பருவமாகப் பார்க்க வேண்டும் என்றார். நீரிழிவு ஆய்வாளர்கள் அதை உடனே எடுத்துக்கொண்டார்கள். தரவும் ஒத்தது. அமெரிக்காவின் டைப் 1 பதிவேட்டில் 2016 முதல் 2018 வரையிலான கணக்குப்படி, எச்பிஏ1சி ஐந்து வயதில் சராசரி 8.1, பதினைந்திலிருந்து பதினெட்டுக்குள் 9.3, இருபத்தெட்டில் 8.0. ஏறி இறங்கும் இந்த மலைக்கு மன வளர்ச்சி மட்டும் காரணம் என்பதற்கில்லை. குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர் மருத்துவரிடம் மாறும் இடைவெளியில் பலர் மருத்துவமனைக்கே போகாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஆர்னெட்டின் கருத்து மேற்கத்திய நடுத்தர வகுப்பை வைத்து எழுந்தது. வீட்டைவிட்டு வெளியேறித் தன்னைத் தேடிக்கொள்ளும் இளைஞன் அதன் நாயகன். நம் சூழலில் கயிறு வேறு இடத்தில் இறுகுகிறது. அம்மாதான் இன்றும் இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறார், இரண்டு மணிக்கு எழுப்பி விரல் குத்திப் பார்க்கிறார். பிள்ளை விடுதிக்குப் போன முதல் வாரத்தில் அந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் இல்லாமல் போகிறது. விடுதி மெஸ்ஸில் சோற்றின் அளவு கணக்கில்லை. அறையில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. அறை நண்பர்கள் முன்னால் சட்டையைத் தூக்கி ஊசி போடக் கூச்சம். கழிப்பறையில் போய்ப் போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு. அப்படியே மதிய ஊசியை விட்டுவிடுபவர்களும் உண்டு. ஐடி நிறுவனத்தின் இரவு ஷிப்டில் சேர்ந்தால் சாப்பாடும் தூக்கமும் ஊசியும் மூன்று திசையில் போகின்றன.

பெண்களுக்கு இதன்மேல் கல்யாணம். இன்சுலின் போடும் பெண் என்று தெரிந்தால் வரன் தட்டிப்போகும் என்று வீடே சேர்ந்து மறைக்கிறது. மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டில் பேனா ஊசியைப் புடவைக்கு நடுவில் ஒளித்து வைக்கும் வாழ்க்கை. இந்த ஒளிவு சர்க்கரையைப் பாதிக்கும் வழி மிக நேரானது. வேளைக்கு ஊசி போட முடியாது, லோ ஆனால் சொல்ல முடியாது. இதை மனச்சோர்வு என்று பெயரிட்டு மாத்திரை எழுதிக்கொடுத்தால் நோய் எங்கே இருக்கிறதோ அங்கே மருந்து போகவில்லை.

உடல் எடை குறித்த கவலையும் இங்கே சேர்க்க வேண்டியது. இன்சுலினைக் குறைத்தால் சர்க்கரை சிறுநீரில் போய் எடை இறங்கும் என்று கண்டுகொண்டு, வேண்டுமென்றே ஊசியைக் குறைக்கும் இளம்பெண்கள் உலகெங்கும் பதிவாகியிருக்கிறார்கள். பாஸ்டனில் டைப் 1 உள்ள 234 பெண்களை 11 ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு, இப்படிக் குறைத்தவர்களின் இறப்பு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2008இல் தெரிவித்தது. மருத்துவர் கேட்டாலொழிய இது தானாக வெளியே வராது.

இளவயது டைப் 2 இன்னும் தனிமையானது. டைப் 1 என்றால் பாவம், பிறவியிலேயே வந்தது என்ற இரக்கமாவது கிடைக்கும். இருபத்தைந்து வயது டைப் 2க்குக் கிடைப்பது, தின்றே கெடுத்துக்கொண்டான் என்ற பேச்சு. நம் மக்களிடம் இந்த நோய் குறைந்த வயதிலேயே, குறைந்த எடையிலேயே வருவதற்குப் பரம்பரையின் பங்கு உண்டு என்பது அந்தப் பேச்சில் இடம்பெறுவதில்லை. அரசின் தொற்றா நோய்ப் பரிசோதனைத் திட்டங்களும் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களையே முதன்மையாக நோக்குகின்றன.

சூழலை மாற்றிய ஒரு சிறு முன்னுதாரணம் இங்கேயே உண்டு. 2017இல் சிபிஎஸ்இ, டைப் 1 உள்ள மாணவர்கள் பொதுத் தேர்வு அறைக்குள் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் போன்றவற்றை எடுத்துச்செல்ல அனுமதித்தது. மூன்று மணி நேரம் லோ ஆகிவிடுமோ என்று எண்ணிக்கொண்டே எழுதும் பிள்ளைக்கு அந்தச் சுற்றறிக்கை செய்த உதவியை எந்த ஆலோசனை அமர்வும் செய்துவிட முடியாது.

எதைச் செய்தால் எது மாறுகிறது

யேல் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் கிரே, தீவிர சிகிச்சை தொடங்கும் 12 முதல் 20 வயது வரையிலான 77 பேரில் ஒரு பகுதியினருக்குச் சமாளிப்புத் திறன் பயிற்சி அளித்தார். நண்பர்கள் வற்புறுத்தும்போது என்ன சொல்வது, அம்மாவோடு சண்டையாகாமல் எப்படிப் பேசுவது என்பது போன்றவற்றை நடித்துப் பழகும் பயிற்சி அது. ஓராண்டுக்குப் பிறகு அவர்களது எச்பிஏ1சியும் தன்னம்பிக்கையும் மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தன. 2006இல் வந்த தொகுப்பாய்வு, உளவியல் சிகிச்சைகளால் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் ஏறத்தாழ அரைப் புள்ளி இறங்குவதாகவும், பெரியவர்களுக்குத் தெளிவான பயன் இல்லை என்றும் கணித்தது. பின்னர் கூடுதல் ஆய்வுகள் சேர்ந்தபோது அந்த அரைப் புள்ளியும் சுருங்கிவிட்டது.

2018இல் ஃபிஷர் குழு நடத்திய ஆய்வு இன்னும் தெளிவாகக் கற்பித்தது. நோய்ச்சுமை மிகுந்த டைப் 1 பெரியவர்கள் 301 பேர். ஒரு பிரிவுக்கு உணர்வுகளைப் பற்றிய குழு அமர்வுகள், மறு பிரிவுக்கு நீரிழிவைக் கையாளும் நடைமுறைப் பாடம். இரண்டு பிரிவிலும் மனச்சுமை நன்றாகவே குறைந்தது. எச்பிஏ1சி சற்றே இறங்கியது. எந்தப் பிரிவு மேல் என்று சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஒன்றும் பெறாத பிரிவு வைக்கப்படாததால், காலம் மட்டுமே எவ்வளவு குறைத்திருக்கும் என்று தெரியாது. ஆனாலும், மனத்தைப் பற்றிப் பேசினாலும் ஊசி அளவைப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தாலும் சுமை இறங்குகிறது என்பது, மனநல ஆலோசகர் கிடைக்காத ஊர்களுக்கு நல்ல செய்தி.

கருவிகள் தனிக் கதை. தொடர் சர்க்கரை சென்சாரை 322 பேரிடம் வைத்துப் பார்த்த 2008ஆம் ஆண்டின் ஆய்வில் 25 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பயன் கிடைத்தது, 15 முதல் 24 வரையிலானவர்களுக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. மூத்தவர்களில் 83 சதவீதம் பேர் வாரத்தில் ஆறு நாளாவது அணிந்தார்கள், இளையவர்களில் 30 சதவீதம்தான். இளைஞர்கள் பொறுப்பில்லாதவர்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். சிறிய, நம்பகமான சென்சார்கள் வந்தபின் 2020இல் 14 முதல் 24 வயதினர் 153 பேரிடம் நடந்த ஆய்வில், அரை ஆண்டில் எச்பிஏ1சி சுமார் 0.4 புள்ளி கூடுதலாக இறங்கியது. வயது மாறவில்லை, கருவிதான் மாறியது. இரண்டு வாரத்துக்கொரு சென்சாரைச் சொந்தக் காசில் வாங்க வேண்டிய குடும்பத்துக்கு இந்த முடிவு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரவில் அலறும் எச்சரிக்கை ஒலியும், மகனின் சர்க்கரையைத் தன் போனில் நிமிடத்துக்கு நிமிடம் பார்க்கும் தந்தையும் புதுச் சுமைகள்.

இந்தியாவில் நடந்த உருப்படியான சான்று ஒன்று உண்டு. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் நான்கு மருத்துவ மையங்களில், மனச்சோர்வும் கட்டுப்படாத நீரிழிவும் சேர்ந்த 404 பேரிடம் நடந்த இண்டிபெண்டன்ட் ஆய்வு 2020இல் வெளியானது. மனநல மருத்துவர் ஒவ்வொரு நோயாளியையும் நேரில் பார்க்கவில்லை. பயிற்சி பெற்ற பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர்கள் தொடர்ந்து பேசினார்கள், நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டினார்கள். இரண்டு ஆண்டு கழித்து, சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது மேம்பட்டவர்கள் இந்தப் பிரிவில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4 சதவீதம். ஆனால் பங்கேற்றவர்களின் சராசரி வயது 53.

இன்னும் முடிவாகாதவை

துக்கம் டைப் 1 நோயை உண்டாக்குகிறது என்ற பதிலுக்கு ஆதாரம் மிக மெல்லியது. அழுத்தம் சில மணி நேரத்துக்குச் சர்க்கரையை ஏற்ற முடியும் என்பது உறுதி, எல்லாருக்கும் ஏற்றும் என்பது உறுதியல்ல. நோய்ச்சுமையும் எச்பிஏ1சியும் சேர்ந்தே நடக்கின்றன. எது முன்னே போகிறது என்பது ஆளுக்கு ஆள், ஒரே ஆளுக்குள்ளும் காலத்துக்குக் காலம் மாறக்கூடும் என்றே சான்றுகள் சுட்டுகின்றன.

இதைவிட அடிப்படையான ஒரு கேள்வி அளவுகோலைப் பற்றியது. மனச்சுமை குறைந்தும் எச்பிஏ1சி நகராத ஆய்வுகள் தோல்வி என்றே எழுதப்பட்டிருக்கின்றன. எனக்கு அந்த வகைப்படுத்தல் ஏற்புடையதல்ல. இருபத்து மூன்று வயதில் ஒருவர் தன் நோயைப் பற்றி வெட்கமில்லாமல் பேச முடிவது, பயமில்லாமல் தூங்க முடிவது, அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு வேண்டிய முதலீடு. சர்க்கரை இறங்காவிட்டால் அது வீண் என்று எந்தத் தரவும் சொல்லவில்லை. எதிர்வாதத்தையும் புறக்கணிக்க முடியாது. விழித்திரை உணர்வுகளைக் கணக்கில் எடுப்பதில்லை. மனம் லேசாகி எச்பிஏ1சி ஒன்பதிலேயே தங்கினால் முப்பத்தைந்து வயதில் அதன் விலை தெரியும். இரண்டு அளவுகளையும் தனித்தனி வெற்றியாகக் கருதி, பத்தாண்டாவது பின்தொடர்ந்தால்தான் இந்த வாதம் தீரும். உளவியல் உதவியைச் சோதித்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன.

நம் பக்கத்தில் கேள்வி இன்னும் குறிப்பானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளவயது நீரிழிவுப் பதிவேட்டை 2006இல் தொடங்கியது. வகை, சிக்கல், சிகிச்சை ஆகியவற்றோடு, ஊசியை யாரிடம் மறைக்கிறீர்கள், விடுதியில் எங்கே போடுகிறீர்கள், லோ ஆனால் யாரிடம் சொல்வீர்கள் என்பவையும் கேட்கப்பட்டால், மேற்கில் உருவான வினாத்தாள்கள் தொடாத சுமை வெளிப்படலாம். அந்தச் சுமைக்கும் மூன்று மாதச் சராசரிக்கும் உள்ள உறவு அமெரிக்கத் தரவுகள் காட்டும் உறவைப் போலவே இருக்குமா, பெண்களுக்கும் ஆண்களுக்கும் வேறுபடுமா, சென்னை மையம் ஒன்றில் ஐம்பது வயதுக்காரருக்குப் பயன்பட்ட ஒருங்கிணைப்பாளர் முறை கல்லூரி விடுதிக்குள் செல்லுபடியாகுமா என்பவை இனிமேல்தான் சோதிக்கப்பட வேண்டும்.